கம்பஸ் அண்ணையும் இடப்பக்கக் கல்லும்

2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சுவிஸின் லோசான் மேல்நகரத்தில் பன்னிரண்டு பாகைக் குளிர். தூறல் இருந்தது. குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் நான் பிடித்திருந்தேன். ஏரி தெரியவில்லை. பழைய கல்லூரியின் வாசலில், ஒரு கையில் குடையும் மறு கையில் கடைப்பைக்குள் ஒரு தேங்காயுமாக நின்றேன். உள்ளே முற்றத்தில், நீல மேலங்கியுடன் அவர் தும்புத்தடியால் மழைத்தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். பையைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், நீங்களுமோ?" என்றார்.

அன்று காலை நடந்ததைச் சொல்வதானால் முதலில் இந்த மனிதரைச் சொல்லவேண்டும்.

லோசானில் எங்கள் சனம் அவரைக் கம்பஸ் அண்ணை என்று அழைத்தது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தைக் கம்பஸ் என்றுதான் சொல்வோம். அவர் கம்பஸில் படித்தவர் இல்லை, படிப்பித்தவரும் இல்லை. பழைய கல்லூரியைத் துப்புரவு செய்பவர். பல்கலைக்கழகம் எப்போதோ நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரை வயல்வெளிக்கு இடம் மாறிவிட்டது. மேட்டில் இருந்த பழைய கட்டடத்தில் சில வகுப்பறைகளும் ஒரு நூலகமும் அலுவலகங்களும்தான் மிச்சம். ஆனாலும் "அவர் கம்பஸில இருக்கிறார்" என்று யாராவது சொன்னால் அது பொய் இல்லை. காலை ஐந்து மணி முதல் பதினொன்றரை வரை அவர் அங்கேதான் இருந்தார். கனடாவில் இருந்த அவருடைய உறவினர்களில் மூன்று குடும்பமாவது அவரை விரிவுரையாளர் என்று நம்பியிருந்தது. அவர் அந்த நம்பிக்கையை வளர்க்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை.

நான் அவரை இருபத்தெட்டு ஆண்டுகள் அறிவேன். அந்த இருபத்தெட்டு ஆண்டுகளில், கேட்ட கேள்விக்குத் "தெரியாது" என்று அவர் பதில் சொன்னது ஒரேயொரு முறைதான்.

மற்றபடி எதைக் கேட்டாலும் பதில் வரும். யோசித்து வரும் பதில் இல்லை, உடனே வரும். ஏரி ஏன் குளிர்காலத்தில் உறைவதில்லை என்று கேட்டால், அடியில் சுடுதண்ணி ஊற்று இருக்கிறது என்பார். தேவாலயக் கோபுரத்தில் ஏன் இன்னமும் ஒரு காவல்காரன் நின்று இரவில் மணியைக் கூவிச் சொல்கிறான் என்று கேட்டால், சூரிச் நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் வித்தியாசம் வராமல் பார்ப்பதற்கு என்பார். ஒருமுறை கோயில் திருவிழாவில் புதிதாக வந்த ஒரு பெடியன், வேலை அலுவலகத்துக்கு எந்த பஸ் என்று கேட்டான். இவர் சொன்ன பஸ்ஸில் ஏறிய அவன் ஒரு திராட்சைத் தோட்டத்தில் போய் இறங்கினான். அடுத்த வாரம் அவன் வந்து முறையிட்டபோது, "அங்கயிருந்து பாத்தா மலை வடிவாத் தெரியுமே, பாத்தனீரோ?" என்று கேட்டார். பார்த்ததாக அந்தப் பெடியன் ஒப்புக்கொண்டான்.

நான் ஊரில் ஏழு ஆண்டு கணிதம் படிப்பித்தவன். இங்கே வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் இருபத்தாறு ஆண்டு. எண்ணிப் பார்க்காத எதையும் நம்புவதில்லை. அதனால் அவருடைய பதில்கள் எனக்குச் செருப்புக்குள் சிறுகல் மாதிரி இருந்தன.

2009க்குப் பிறகு வெளிநாட்டுச் சொந்தக்காரர் வருவது கூடியது. ஊருக்குப் போக மனமில்லாதவர்கள் சுவிசுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் ஏரி, பிறகு தேவாலயம், பிறகு சொக்லேட், அதன் பிறகு என்ன காட்டுவது என்று தெரியாமல் எல்லா வீட்டுக்காரரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் வெள்ளைச் சேட்டை இஸ்திரி பிடித்து மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்து பழைய கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார். நாற்பது நிமிடம். காசு வாங்கமாட்டார்.

சுற்று, வாசலில் தொடங்கும். முற்றத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், வரிசையாக ஐந்து இரும்பு வளையங்கள் உண்டு. "முந்தி இஞ்ச புரொபெசர்மாருக்குச் சம்பளம் இல்லை," என்பார். "மாடு குடுத்தவங்கள். ஆளுக்கொரு கறவை மாடு. வகுப்பு முடியுமட்டும் மாட்டை இதிலதான் கட்டுறது." சனம் வளையத்தைத் தொட்டுப் பார்க்கும். பிறகு கோபுரம். கோபுரத்தின் இரண்டாம் மாடிச் சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை. அது நெப்போலியனின் பீரங்கிக் குண்டு. இவ்வளவு வட்டமாக எப்படி ஓட்டை விழும் என்று ஒருநாள் நான் கேட்டேன். "அந்தக் காலத்துக் குண்டு மாஸ்டர், வடிவா வார்த்தது," என்றார். பிறகு கீழ்த்தட்டுப் பூங்காவில் நிற்கும் லிண்டன் மரம். முதலாவது அதிபர் நட்டது, அவர் செத்த அன்றைக்கு ஒரு பக்கம் பட்டுப்போனது. அந்த மரத்தின் அடியில், நகரசபை அதை நட்ட ஆண்டு பொறித்த சின்னத் தகடு ஒன்று இருந்தது. மரத்துக்கு என் மகளைவிட நாலு வயதுதான் கூட.

கடைசியாகப் படிக்கட்டின் கீழே, கம்பி போட்ட யன்னலுடன் ஓர் ஒடுங்கிய அறை. குழப்படி செய்த மாணவர்களைப் பூட்டி வைத்த சிறை என்பார். அதில்தான் அவர் வாளிகளும் தும்புத்தடிகளும் வைத்திருந்தார். "இப்ப இவை அனுபவிக்கினம்," என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்.

2010 மே மாதம் ஒரு சனிக்கிழமை, லண்டனில் இருந்து வந்த என் மச்சானுடன் நானும் அந்தச் சுற்றுக்குப் போனேன். நாற்பது நிமிடத்தில் அவர் முப்பத்தொரு தகவல் சொன்னார். நான் விரல் மடக்கி எண்ணினேன். பிறகு நூலகத்தில் இருந்த சிறு புத்தகத்தைப் படித்தும், கட்டடத்தின் பொறுப்பாளரான சுவிஸ்காரரைக் கேட்டும் சரிபார்த்தேன். சிறை உண்மை. கட்டடம் நானூறு வருடத்துக்கு மேல் பழையது என்பது உண்மை. பாதிரிமாரைப் படிப்பிக்கத்தான் முதலில் கட்டினார்கள் என்பதும் உண்மை. புரொபெசர்மாருக்கு மாடு கொடுக்கவில்லை, கோதுமையும் வைனும் கொடுத்தார்கள், ஆகவே அது பாதி உண்மை. நெப்போலியன் குண்டு, பழைய அடுப்பின் புகைக்குழாய் போன ஓட்டை. மிச்சம் இருபத்தாறும் ஒன்றுமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் இதை அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. படியில் இருக்கச் சொல்லி, போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்கு அன்றைக்குப் பதினொரு நிமிடம் பிந்தியது.

அகதி விசாரணையில் தன்னை மூன்று கேள்வி கேட்டார்கள் என்றார். உங்கள் கிராமத்திலிருந்து பட்டினத்துக்கு எத்தனை கிலோமீற்றர்? பஸ்ஸுக்கு முப்பத்தைந்து சதம் என்றுதான் இவருக்குத் தெரியும். தெரியாது என்றார். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வாசல்? தெரியாது என்றார். ஆமி வந்த அன்றைக்கு என்ன திகதி? ஓடுகிறவன் திகதி பார்ப்பானா? தெரியாது என்றார். ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சொந்தக் கிராமத்தைப் பற்றிக்கூடத் தெரியாதபடியால் இவர் அந்த இடத்து ஆள் என்று நம்ப இடமில்லை, திருப்பி அனுப்பலாம். அதற்கு எதிராக எழுதி எழுதி விசா கிடைக்க ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய் நிற்பார். தாய் செத்ததற்கும் போகமுடியவில்லை.

"மூண்டு தெரியாது, மாஸ்டர். ஏழு வருசம்," என்றார். "எனக்குப் பிறகு வந்த ஒருத்தன் எல்லாத்துக்கும் ஒரு பதில் சொன்னான். பிழையான பதில்தான். அவனுக்கு எட்டு மாசத்தில குடுத்திட்டாங்கள்."

ஒரு தெரியாதுவுக்கு இரண்டு வருடம் நாலு மாதம் என்று என் மனம் கணக்குப் போட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருடைய தகவல்களை எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

அந்தக் கல்லின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. பழைய கல்லூரி வாசலின் இரண்டு பக்கமும், சுவரின் மூலையில், முழங்கால் உயரத்தில் குந்தியிருக்கும் இரண்டு கற்கள் உண்டு. குதிரை வண்டிச் சில்லு சுவரில் உரசாமல் இருக்க வைத்தவை. நானூறு வருடத்தில் சில்லுப் பட்டுப்பட்டு, இடப்பக்கக் கல் தொந்தியும் தலையுமாக உருண்டு போயிருந்தது. தொரொன்ரோவில் இருந்து வந்த ஓர் அம்மா, "இது என்ன கல்லு, தம்பி?" என்று கேட்டார். அது என்ன கல் என்று கம்பஸ் அண்ணைக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் பதில் வந்தது. "சோதினைக் கல்லு, அக்கா. முந்தி பெடியள் சோதினைக்குப் போக முன்னம் இதைத் தொட்டுக் கும்பிட்டிட்டுத்தான் உள்ள போறது."

அந்த அம்மாவின் பேரனுக்கு அடுத்த மாதம் சோதினை இருந்தது. அம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேரன் சித்தியடைந்தான். செய்தி தொரொன்ரோ போய், அங்கிருந்து தொலைபேசியில் லோசானுக்கே திரும்பி வந்தது.

ஒரு வருடத்துக்குள் லோசானில் அனேகமாக எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அந்தக் கல்லைத் தொடாமல் பரீட்சைக்குப் போகவில்லை. ஜிம்னாசியம் என்ற உயர்பள்ளிக்கான பரீட்சை, தொழிற்பயிற்சிப் பரீட்சை, கடைசியில் கார் ஓட்டும் பரீட்சைக்கும் வந்தார்கள். வந்த தாய் தகப்பன்மார் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பிள்ளை பாஸ் பண்ணுமோ? அவரும் ஒரே பதில்தான் சொன்னார்: கட்டாயம். அப்போ வலப்பக்கக் கல்லு எதுக்கு என்று ஒருவர் கேட்டதற்கு, அது சட்டம் படிக்கிறவைக்கு என்றார். எங்கள் சனத்தில் அந்த வருடம் யாரும் சட்டம் படிக்கவில்லை. அதனால் அது சும்மா இருந்தது.

பிறகு கல்லுக்கு யாரோ குங்குமம் வைத்தார்கள். பிறகு பூ. விடிய ஐந்து மணிக்கு வந்து அந்தக் குங்குமத்தைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவுவது அவருடைய வேலையாயிற்று. ஒருநாள் உரஞ்சிக்கொண்டிருந்தவரிடம், இது தேவையா என்று கேட்டேன். "இது இஞ்ச முந்தியே இருந்த பழக்கம்தானே, மாஸ்டர்," என்றார். அவர் அதைத் தானும் நம்பத் தொடங்கியிருந்தாரோ என்று எனக்கு அப்போது சந்தேகம் வந்தது. கட்டடப் பொறுப்பாளரான சுவிஸ்காரர், தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்து வாசலை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதைக் கண்டு, பழைய கட்டடங்களில் இத்தனை ஆர்வமுள்ள சமூகம் இந்த நகரத்தில் வேறு இல்லை என்று என்னிடமே சொன்னார்.

நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் அது வண்டிச் சில்லுக் கல் என்று விளக்கினேன். அதுவரை தொட்ட நாற்பத்து மூன்று பிள்ளைகளில் இருபத்தாறு பேர்தான் சித்தி என்றும் சொன்னேன். "அப்ப இருபத்தாறு பேர் பாஸ்," என்றார்கள்.

இனி என் மகள். எனக்கு நாற்பத்து மூன்று வயதில் பிறந்த ஒரே பிள்ளை. சின்ன வயதில், பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைப் பின்னேரங்களில், அவளைக் கூட்டிக்கொண்டு கல்லூரியின் கீழ்த்தட்டுப் பூங்காவுக்குப் போவேன். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவரும் அங்கே இருப்பார். அவள் அவரிடம் கேட்காத கேள்வி இல்லை. ஒன்பது வயதில், புரொபெசர்மாருக்குச் சம்பளமாக மாடு கொடுத்தார்கள் என்று அவள் வகுப்பில் சொன்னதால் ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அவள் மருத்துவம் படிக்கப் போனாள். இந்த நாட்டில் மருத்துவத்தில் நுழைவது கஷ்டம் இல்லை, முதல் வருடத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். இரண்டு தரம் எழுதலாம். இரண்டாம் தரமும் தவறினால் சுவிஸில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் படிக்கமுடியாது. 2011இல் முதல் தரம் எழுதினாள். கல்லைத் தொட நான் விடவில்லை. தவறிவிட்டாள். இரண்டாவது, கடைசித் தரத்தின் முதல் பரீட்சை 2012 ஜூன் 11ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு.

அந்த வருடம் முழுதும் அவள் அறையில் விளக்கு எரிந்தது. ஏழு கிலோ மெலிந்தாள். பரீட்சைக்கு முதல்நாள், நானும் மனைவியும் குசினியில் இருந்தபோது மனைவி சொன்னாள்: "இஞ்சருங்கோ, உங்கட கணக்கை ஒரு நாளைக்கு நிப்பாட்டி வைச்சிட்டுப் போய் ஒரு தேங்காயை உடையுங்கோவன்."

மற்றவர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள், தேங்காய் எதற்கு என்று கேட்டேன்.

"முதல் தரமெண்டால் தொட்டாப் போதும். இது ரெண்டாம் தரம்," என்றாள்.

அப்படித்தான் நான் அந்தத் திங்கட்கிழமை விடிய வாசலில் நின்றேன். மனைவி அனுப்பினாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் மனைவிக்காக மட்டும் நான் வரவில்லை. கல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாத் தகப்பன்மாரும் கேட்ட அந்தக் கேள்வியை நானும் கேட்டு, எல்லாருக்கும் அவர் சொன்ன அந்த ஒரு சொல்லை நானும் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்றிருந்தது. முப்பத்தொன்றில் இருபத்தேழு பொய் சொல்கிற மனிதர் என்று தெரிந்தும்தான்.

"பிள்ளை பாஸ் பண்ணுவாளோ?" என்று கேட்டேன்.

அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். கையை மேலங்கியில் துடைத்தார். கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியாது, மாஸ்டர்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார்.

"மற்ற எல்லாருக்கும் சொன்னீர்தானே?"

"ஓம், சொன்னனான். அவை வந்து போற சனம்." தும்புத்தடியைத் திரும்ப எடுத்தபடி, "இவள் என்னோட புதன்கிழமையில இருந்தவள்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று சொல்லமுடியாது. பையிலிருந்து தேங்காயை எடுத்து, குடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தூக்கி இடப்பக்கக் கல்லில் அடித்தேன்.

தேங்காய் உடையவில்லை. கல் உடைந்தது.

உள்ளங்கையளவு துண்டு, கல்லின் தலைப்பக்கத்தில் இருந்து பிரிந்து விழுந்தது. தேங்காய் உருண்டு போய் மழைத்தண்ணீர் வடியும் கானில் நின்றது. இருவரும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் குனிந்து அதை எடுத்து, பழைய இடத்தில் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. கையை எடுத்ததும் விழுந்தது. நான் தேங்காயை எடுத்துக்கொண்டேன்.

ஆறே காலுக்குக் கட்டடப் பொறுப்பாளர் வந்தார். வந்து பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கம்பஸ் அண்ணை பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பனி என்றார். குளிர்காலத்தில் தண்ணீர் உள்ளே போய் உறைந்து, கல் உள்ளுக்குள் வெடித்து இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் விழுந்திருக்கிறது என்றார். நல்ல விளக்கம். பொறுப்பாளர் அதைக் கடைசிவரை கேட்டார். பிறகு என் கையில் இருந்த தேங்காயைப் பார்த்தார்.

நான்தான் என்று சொன்னேன். மகளின் பரீட்சைக்காக என்றும் சொன்னேன். உங்கள் நாட்டில் இப்படிச் செய்வது வழக்கமா என்று கேட்டார். ஆம், அதற்கென்று கல் இருக்கும் என்றேன். என்ன வகைக் கல் என்று கேட்டார். கருங்கல் என்றேன். இது இந்த ஊர் மணற்கல், பிஸ்கட் மாதிரி, என்று சொல்லிவிட்டு என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். கம்பஸ் அண்ணையை எதுவும் சொல்லவில்லை. பனி என்று சொன்னதற்காக ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஜூலையில் முடிவு வந்தது. மகள் அறையில் கணினியில் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "இல்லை, அப்பா," என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி முதலில் கல்லைக் குறைசொன்னாள், பிறகு என்னை. தொலைபேசி அடித்தபடி இருந்தது. எடுத்தவுடன் எல்லாரும் கேட்டது, இனி என்ன செய்யப்போறா? கேட்டவர்களே பதிலும் வைத்திருந்தார்கள். ஹங்கேரிக்கு அனுப்புங்கோ, அங்க மருத்துவம் எடுக்கலாம். பார்மசி படிக்கச் சொல்லுங்கோ. கலியாணத்தைப் பாருங்கோ. பத்து நாளில் பதினாறு பதில்கள் சேர்ந்தன. அத்தனையையும் மனைவி அறைக்கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அவர் வந்தார். வெள்ளைச் சேட். ஒரு சீப்பு வாழைப்பழம். மனைவி அவருடன் கதைக்காமல் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. அறைப்பக்கம் பார்த்து, "பிள்ளை," என்று கூப்பிட்டார். ஒரு தரம்தான் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்துக் கதவு திறந்தது. அவள் வந்து கதிரையின் நுனியில் இருந்தாள்.

ஏதோ ஒரு விளக்கம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். கல் ஏன் உடைந்தது, அவள் ஏன் தவறினாள், நெப்போலியன் எத்தனை தரம் தவறினான். எதுவும் வரவில்லை. அவரும் மற்றவர்கள் கேட்டதைத்தான் கேட்டார்.

"இனி என்ன செய்யப்போறீர், பிள்ளை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "தெரியாது, மாமா," என்றாள்.

மனைவி பதினாறில் ஒன்றைத் தொடங்கினாள். அவர் கையைத் தூக்கி மறித்தார்.

"தெரியாதெண்டால் தெரியாதெண்டே சொல்லுங்கோ," என்றார் மகளிடம். "ஆர் கேட்டாலும் சொல்லுங்கோ. நீங்கள் இஞ்ச பிறந்த பிள்ளை. உங்களை ஒருத்தரும் திருப்பி அனுப்பமாட்டினம்."

அதன் பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. மகள் அழுதாள், அந்தப் பதினொரு நாளில் முதல் முறையாக. அழுது முடித்து மூக்கைச் சீறிவிட்டு, "மாமா, உண்மையாவே புரொபெசர்மாருக்கு மாடு குடுத்தவையோ?" என்று கேட்டாள்.

"கட்டாயம்," என்றார். "கறவை மாடு."

அன்றிரவு அவள் இரண்டு இடியப்பத் தட்டு சாப்பிட்டாள். ஒரு தட்டில் ஆறு.

பிறகு பதினான்கு மாதம் ஒரு பேக்கரியில் பாண் விற்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது என்று சொன்னாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, ஆனால் இருந்தேன். ஒருநாள் பின்னேரம் வந்து, பிரசவம் பார்க்கும் தாதியாகப் படிக்கப்போகிறேன் என்றாள். இப்போது நான் சலவை செய்த அதே வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். இதுவரை எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள்.

கல்லை ஒரு நிபுணர் வந்து ஒட்டினார். ஒட்டுக்குப் போட்ட சாந்து கொஞ்சம் வெளிறிப்போனதால், இப்போது கல்லின் நெற்றியில் திருநீறு பூசியது மாதிரி இருக்கிறது. சுற்றிச் சின்னக் கம்பி வேலி போட்டார்கள். சனம் வலப்பக்கக் கல்லுக்கு மாறியது. சட்டத்துக்கானது என்று யாருக்கும் நினைவில்லை.

2014இல் அவர் ஓய்வு பெற்று, துன் நகரத்தில் ஹோட்டலில் வேலை செய்யும் மகனுடன் இருக்கப் போனார். 2018 நவம்பரில் மாரடைப்பில் செத்துப்போனார். செய்தி கேட்டு ரயிலில் போனேன். மகளுக்கு அன்றைக்கு வேலை, வரமுடியவில்லை. மண்டபத்தில் நூற்றுப்பதினேழு பேர். கிரியை முடிந்து வெளியே நின்றபோது, வில் நகரத்திலிருந்து வந்த, முன்பின் தெரியாத ஒருவர் என் பக்கத்தில் நின்றார். தூரத்தில் மேட்டில் தெரிந்த ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, "அது என்ன, அண்ணை?" என்று கேட்டார்.

அந்த ஊருக்கு நான் அன்றைக்குத்தான் முதல் முறை வந்திருந்தேன்.

"அது முந்தி ஒரு கல்லூரி," என்றேன். "புரொபெசர்மாருக்குச் சம்பளம் இல்லை, மாடுதான் குடுத்தவங்கள்."

"அப்பிடியோ," என்றார் அவர். நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

கல் ஒட்டிய நிபுணருக்கு நான் கட்டியது எழுநூற்று நாற்பது பிராங்க். தேங்காயுடன் போன அன்று காலை மெட்ரோவுக்குப் போகவர ஆறு பிராங்க் நாற்பது சந்தீம். துன்னுக்கு அரைக் கட்டணத்தில் போய்வர முப்பத்தெட்டு. பூவுக்கு நாற்பத்தைந்து. தேங்காயின் விலையைச் சேர்க்கவில்லை, மனைவி அதை அன்றைக்கே வீட்டுப் படியில் உடைத்துச் சம்பல் போட்டாள். ஆக மொத்தம் எண்ணூற்று இருபத்தொன்பது பிராங்க் நாற்பது சந்தீம்.